குழாயும் வயலும்: தோட்டப்புற ஆறுகளில் சத்து மாசின் மூலம் தேடிய வரலாறு

முன்னுரை

ஆறு கெட்டிருப்பதைக் கண்ணால் கண்டுவிடலாம். அது எதனால் கெட்டது என்பதை நிறுவுவது அத்துணை எளிதன்று. நைட்ரஜனும் பாஸ்பரசும் பயிருக்கு உணவாகும் சத்துகள். அவையே ஆற்றில் மிகும்போது பாசி பெருகுகிறது. அது மடிந்து அழுகுகையில் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மடிகின்றன. தீபகற்ப மலேசியாவின் தோட்டப்புற ஆறுகளில் இம்மாசின் மூலம் எவ்வாறு தேடப்பட்டது, அத்தேடலில் எது அகப்பட்டது, எது விடுபட்டது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கண்ணுக்குப் புலப்பட்ட மூலம்

மலாயாவில் செம்பனை வணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்டது 1917ஆம் ஆண்டில், கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்திலாகும். தென்னையின் பெயர் தாங்கிய தோட்டத்தில் வேரூன்றிய அப்பயிர், 1960இல் ஏறத்தாழ 54,000 ஹெக்டர் பரப்பிலேயே இருந்தது. 1980இல் பத்து இலட்சம் ஹெக்டரைக் கடந்துவிட்டது. பரப்போடு ஆலைகளும் பெருகின. ஒரு டன் கச்சா எண்ணெய் எடுக்க ஏறக்குறைய இரண்டரை டன் கழிவுநீர் வெளியாகும். அக்கழிவின் உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். வீட்டுக் கழிவுநீரைவிட இது நூறு மடங்கு அளவினது. அதில் நைட்ரஜனும் கணிசமாக உண்டு. இரப்பர்ப் பால் உறையாமலிருக்க அம்மோனியா கலக்கப்பட்டதால் இரப்பர் ஆலைகளின் கழிவும் நைட்ரஜன் மிக்கதாயிருந்தது.

1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், 1977இல் செம்பனை ஆலைகளுக்கும் 1978இல் இரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிமுறைகள் வகுக்கப்பட்டன. செம்பனை ஆலைக் கழிவுக்கான வரம்பு, 1978இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்பதிலிருந்து படிப்படியாக 1984இல் 100 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. உரிமக் கட்டணம் கழிவின் சுமையைப் பொறுத்து அமைந்தது. ஆலைகள் கழிவுநீர்க் குளங்களை வெட்டின. சுத்திகரித்த நீரை நிலத்திற்கே உரமாகப் பாய்ச்சின. எண்ணெய் உற்பத்தி பெருகிய அதே காலத்தில் ஆற்றில் கலந்த ஆலைக் கழிவின் சுமை பெரிதும் குறைந்தது. இவ்வெற்றிக்கு ஓர் அடிப்படை உண்டு: ஆலைக்கு ஒரு குழாய், ஓர் உரிமையாளர், ஓர் உரிமம் இருந்தன.

குழாயற்ற மூலம்

வயலுக்கோ அத்தகைய குழாய் இல்லை. செம்பனைக்கு இடப்படும் யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் மண்ணில் நைட்ரேட்டாக மாறுகின்றன. களிமண் துகள்கள் நைட்ரேட்டைப் பற்றிக்கொள்வதில்லை. ஆதலால் அது மழைநீரோடு கீழிறங்கி ஓடையை அடைகிறது. பாஸ்பரசோ மண்துகளில் ஒட்டிக்கொண்டு அரிமானத்தோடு செல்கிறது. ஒரே மரத்தடியில் இட்ட இரு சத்துகள் இருவேறு வழிகளில் ஆற்றைச் சேர்கின்றன.

மலேசியச் சுற்றுச்சூழல் துறை நெடுங்காலமாகக் கையாண்ட நீர்த்தரக் குறியீடு ஆறு அளவைகளைக் கொண்டது: கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை, வேதியியல் ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திண்மங்கள், அமில காரத்தன்மை. நைட்ரேட்டும் பாஸ்பரசும் இவற்றுள் இல்லை. எனவே பன்றிப் பண்ணையும் சாக்கடையும் அம்மோனியா வழியே அடையாளம் காணப்பட்டன. உரத்தின் பங்கோ குறியீட்டில் தெளிவாகப் பதிவாகவில்லை.

அணுவைச் சாட்சியாக்கிய முயற்சி

உரத்தின் பங்கைக் கண்டறியும் முன்னோடி முயற்சி அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1971இல் டேனியல் கோல், ஜோர்ஜியா ஷியரர், பேரி கொமனர் ஆகியோர் இலினோய் மாநிலத்துச் சங்கமன் ஆற்றுப் படுகையை ஆராய்ந்தனர். நைட்ரஜனில் எடை 14, எடை 15 என இருவகை அணுக்கள் உண்டு. காற்றிலிருந்து செய்யப்படும் உரத்தில் இவற்றின் விகிதம் காற்றினதை ஒத்திருக்கும். மண்ணின் மட்கிலும் விலங்கு எருவிலும் கனமான அணு சற்று மிகுந்திருக்கும். இவ்வேறுபாட்டைக் கொண்டு, 1970 வசந்த காலத்தில் ஆற்றிலிருந்த நைட்ரேட்டில் பாதிக்கு மேல் உரத்திலிருந்து வந்தது என அவர்கள் மதிப்பிட்டனர். மண்ணுயிரிகள் இவ்விகிதத்தையே மாற்றிவிடும் என்று மண்ணியலார் மறுத்தனர். மறுப்பில் வலு இருந்தது. பின்னர் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜன் அணுக்களும் சேர்த்து அளக்கப்பட்டன. எனினும் இம்முறை தருவது உறுதியான தீர்ப்பன்று, மதிப்பீடே. நில வரலாறு தெரிந்தாலன்றி அம்மதிப்பீட்டுக்குப் பொருள் கூற இயலாது.

முடிவுரை

அந்நில வரலாற்றைத் தருவதில்தான் நம் துறைக்குப் பங்குண்டு. ஆற்றங்கரை லயங்களில் வாழ்ந்தோர் ஆலைக் கழிவை நாற்றத்தாலும் நிறத்தாலும் அறிந்தனர். நைட்ரேட்டுக்கு நாற்றமுமில்லை, நிறமுமில்லை. ஆகவே அதிகாரக் குறியீட்டைப் போலவே ஆற்றைப் பற்றிய மக்கள் நினைவும் அதனைத் தவறவிடக்கூடும். ஆயினும் உரம் போட்டவர்களுள் பெருந்தொகையினர் தமிழ்ப் பெண்கள். எந்தக் காட்டில், எந்த மாதத்தில், எத்தனை மூட்டை, போட்ட பின் மழை பெய்ததா என்பன அவர்களது தொழிலறிவு. ‘ஆறு எப்படி இருந்தது?’ என்று மட்டும் அவர்களிடம் கேட்பது போதாது. ‘உரம் எப்படிப் போட்டீர்கள்?’ என்றும் கேட்டல் வேண்டும். அவ்வாய்மொழியும் தோட்டங்களின் உரக் கணக்கும் ஆய்வகத்தின் அளவும் ஒன்றையொன்று திருத்தும்போதே குழாயற்ற மூலத்தின் வரலாறு எழுதப்படும். அத்தலைமுறை முதுமை எய்திவிட்டது. இப்பணியைத் தள்ளிப்போடுவது ஆதாரத்தையே இழப்பதாகும்.