பக்கம் யாருக்குச் சொந்தம்

கணிப்பொறியின் இயக்க மென்பொருளுக்குள் எல்லாவற்றுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, நினைவகத்தின் எந்தப் பக்கம் எந்த நிரலுக்குச் சொந்தம், எந்தச் சாதனத்தை யார் எப்போது தொடலாம் என்ற கணக்கையெல்லாம் தன் வசம் வைத்திருக்கும் கெர்னலைப் பற்றி நினைக்கும்போதெல்லாம், பழைய கிராமங்களில் நிலக் கணக்கை வைத்திருந்த கர்ணத்தின் ஞாபகம் எனக்கு வருவது இரண்டு பெயர்களின் ஒலி ஒற்றுமையால் மட்டும் அன்று. கர்ணம் வயலில் இறங்கி உழுததில்லை. ஆனால் அவர் ஏட்டில் ஏறாத வயலுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. இந்தக் கர்ணத்துக்கும் புதிதாக வந்து சேரும் சாதனத்துக்கும் நடுவே துபாஷியாக நிற்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். பல நூறு யந்திரங்களை அதிவேக வலையால் பிணைத்து ஒரே யந்திரம்போல் வேலை வாங்கும் கிளஸ்டர்களுக்காக இத்தகைய டிரைவர்களை எழுதியவர்களும், எழுதிய பின் பிழை தேடி அலைந்தவர்களும் முப்பது ஆண்டுகளாக நடத்திவந்த வியவகாரம் மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் வேகத்தைப் பற்றியதாகத் தோன்றும். என் அபிப்பிராயத்தில் அது ஒரு சொத்து வழக்கு.

வழக்கின் பூர்வீகம் அமெரிக்காவில், மேரிலாந்து மாகாணத்துக் கிரீன்பெல்ட் நகரில், நாஸாவின் காடர்டு விண்வெளி மையத்தில் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டுக் கோடையில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் என்ற இருவரும், கடையில் யாரும் வாங்கக்கூடிய 486 டிஎக்ஸ்4 செயலிகள் பதினாறை ஈதர்நெட்டால் இணைத்து, பேவுல்ஃப் என்று பெயர் சூட்டி, லினக்ஸில் ஓடவிட்டார்கள். விநாடிக்கு 1 கோடி பிட்டுகள் கொண்டுபோகும் அன்றைய ஈதர்நெட் ஒன்று அந்தச் செயலிகளின் பசிக்குப் போதவில்லை. வேகமான சுவிட்சுகளோ கைக்கெட்டாத விலை. லினக்ஸின் ஈதர்நெட் டிரைவர்களில் கணிசமானவற்றைத் தாமே எழுதியிருந்த பெக்கர், ஒன்றுக்கு மேற்பட்ட ஈதர்நெட்டுகளை அருகருகே ஓட்டி, போக்குவரத்தை அவற்றினிடையே பங்கிட்டுக் கொடுக்கும்படி டிரைவரை மாற்றி அமைத்தார். மூல நிரல் கையிலிருந்ததால் சாத்தியமான காரியம் அது. கெர்னலைத் திறந்து கைவைக்கும் உரிமை இல்லாத வேறோர் இயக்க மென்பொருளை அவர்கள் தேர்ந்திருந்தால், இந்தத் தொழிலின் சரித்திரம் வேறு எங்கேயோ ஆரம்பித்திருக்கும்.

கம்பி வேகம் பெற்றதும் புதுச் சங்கடம் வெளிப்பட்டது. ஒரு நிரல் பக்கத்து யந்திரத்துக்கு நாலு எழுத்து அனுப்ப வேண்டுமானாலும் கெர்னலை அழைத்தாக வேண்டும். கெர்னல் அந்த நாலெழுத்தைத் தன் இடத்துக்கு நகல் எடுத்து, தலைப்புகளைச் சேர்த்து, சரிபார்ப்புக் கூட்டல் போட்டு, வலையோடு இணைக்கும் அட்டையிடம் கொடுக்கும். மறுமுனையில் அட்டை குறுக்கீடு எழுப்பி அங்குள்ள கெர்னலை உலுக்கி எழுப்ப, அது மறுபடியும் ஒரு நகல் எடுத்து உரியவரிடம் சேர்க்கும். சம்பிரதாயங்களுக்கு ஆகும் நேரம் பிரயாண நேரத்தை விழுங்கிவிட்டது. கார்னெல் சர்வகலாசாலையில் தோர்ஸ்டன் வான் ஐக்கனும் அவருடைய சகாக்களும் 1995-இல் வெளியிட்ட யூ-நெட் என்ற ஏற்பாடு இதற்குத் துணிச்சலான பரிகாரம் சொன்னது: ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை கெர்னல் வந்து நிரலுக்கும் அட்டைக்கும் பரிச்சயம் செய்துவைத்துவிட்டு விலகிக்கொள்ளட்டும்; அதன்பின் இருவரும் நேரே பேசிக்கொள்ளட்டும். சிறு செய்தி ஒன்று போய்த் திரும்ப 65 மைக்ரோ விநாடிதான் ஆயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில், கால்டெக்கில் காஸ்மிக் கியூபைக் கட்டிய சார்லஸ் சைட்ஸ் தொடங்கிய மிரிகாம் ஸ்தாபனம், லனாய் என்னும் சொந்தச் செயலியைத் தாங்கிய மிரிநெட் அட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தச் செயலிக்கு நாமே நிரல் எழுதலாம் என்ற சௌகரியம் இருந்தபடியால், ஆராய்ச்சிக்கூடங்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பாஷையை எழுதிக்கொண்டன.

காம்பாக், இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று கம்பெனிகள் 1997 டிசம்பரில் வயா என்ற பெயரில் இந்த யோசனைக்கு ஒரு பொது இலக்கணம் வகுத்தன. அதன் சாரம் 2000-ஆம் ஆண்டு வெளிவந்த இன்ஃபினிபாண்ட் விதித்தொகுதிக்குள் போய்ச் சேர்ந்தது. இங்கேதான் சொத்துப் பிரச்னை தலைகாட்டுகிறது. கெர்னலின் துணையில்லாமல் அட்டை நேரே நினைவகத்தில் எழுத வேண்டுமானால், நிரல் சொல்லும் விலாசத்துக்கு உண்மையான பௌதிக விலாசம் எது என்று அட்டைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த விலாசம் நடுவில் மாறவும் கூடாது. ஆகவே நிரல் முதலில் தன் பக்கங்களைப் 'பதிவு' செய்கிறது. கெர்னல் அந்தப் பக்கங்களை நகராதபடி ஆணியடித்து, விலாசங்களை அட்டையிடம் எழுதிக் கொடுக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போய்வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: நிலம் உங்களுடையதுதான், ஆனால் அதன்மேல் இப்போது ஒரு வில்லங்கம் ஏறிவிட்டது.

வில்லங்கத்தின் முதல் தொல்லை மிகச் சில்லறையானது. சாதாரணப் பயனர் இப்படி ஆணியடித்து வைக்கக்கூடிய நினைவகத்துக்கு அக்கால லினக்ஸ் விதித்த எல்லை 32 கிலோபைட். ரகசியச் சாவிகளை வட்டில் பதியாமல் காப்பதற்கு அது ஏராளம். இன்ஃபினிபாண்ட் நிரல்களுக்கோ அது தண்ணீர்ப் பந்தலில் ஒரு குவளை. 'எல்லை 32768 பைட்' என்று திரையில் தோன்றிய அந்த எச்சரிக்கை வரியை, கிளஸ்டர் நிர்வாகிகளில் ஒரு தலைமுறையே மனப்பாடம் செய்திருந்தது.

யந்திரங்களை அதிவேக வலையால் பிணைக்கும் இவ்வித்தை இந்தியாவிலும் பழகப்பட்டது. புனேயிலுள்ள சீ-டாக், பரம் பத்மா யந்திரத்துக்காகப் பரம்நெட்-2 என்னும் சொந்த வலையையே உருவாக்கிற்று. சென்னைத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தார் 2004-இல் நிறுவிய கப்ரு என்ற கிளஸ்டரில், 144 யந்திரங்கள் எஸ்சிஐ வலையால், நடுவில் சுவிட்சே இல்லாமல் அண்டை அயலாரைப்போல் ஒன்றுக்கொன்று கைகோத்து நின்றன.

பிழை தேடும் கலையைப் பற்றி இங்கே சற்று விஸ்தாரமாகச் சொல்லியாக வேண்டும். சாதாரண நிரல் விழுந்தால் தான் மட்டும் விழும். டிரைவர் விழுந்தால் கெர்னலையும் இழுத்துக்கொண்டு விழும். அப்போது திரையில் தோன்றும் ஊப்ஸ் என்ற மரண வாக்குமூலத்தைக் கையால் எழுதிக்கொண்டோ, சீரியல் கம்பி வழியே பக்கத்து யந்திரத்தில் பிடித்துவைத்தோ, எண்களைக் கொண்டு எந்த வரியில் உயிர் போயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். வலை வழியாக அந்த வாக்குமூலத்தை வெளியே அனுப்பும் வழியும் உண்டு. ஆனால் சந்தேகத்துக்குரியவன் வலை டிரைவராகவே இருக்கும்போது, திருடனிடமே புகார் மனுவைக் கொடுத்தனுப்புவதற்கு ஒப்பாகும் அது. கெர்னலை நிறுத்தி நிறுத்தி ஆராயும் பிழைதேடு கருவியை லினக்ஸின் கர்த்தாவான லினஸ் டோர்வால்ட்ஸ் நெடுங்காலம் உள்ளே விடவில்லை. கருவியை நம்பினால் யோசிப்பது குறையும் என்பது அவர் கட்சி. கேஜிடிபி என்னும் அந்தக் கருவி 2008-இல், 2.6.26-ஆம் பதிப்பில்தான் இடம் பெற்றது. அவருடைய கட்சியில் நியாயம் இல்லாமலில்லை. இருந்தாலும், இரவு இரண்டு மணிக்குப் பதினாறாவது தடவையாக யந்திரத்தைத் திரும்பக் கிளப்பியவரிடம் அந்த நியாயத்தைச் சொல்லிப் பயனில்லை.

ஓர் உதாரணத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். அட்டைக்கு வேலை கொடுப்பதில் இரண்டு படிகள் உண்டு: 'இன்ன இடத்திலிருந்து இவ்வளவை இன்னாருக்கு அனுப்பு' என்ற சீட்டை நினைவகத்தில் எழுதுவது ஒன்று, பிறகு அட்டையிலுள்ள ஒரு பதிவகத்தில் எண்ணை எழுதி, சீட்டு தயார் என்று மணியடிப்பது மற்றொன்று. இன்டெல் வகைச் செயலிகளில் எழுதிய வரிசையிலேயே இவை வெளியே தெரியும். பவர்பிசி போன்றவற்றில், இடையே தடுப்பு ஆணை ஒன்றைப் போடாவிட்டால், மணி முந்திக்கொண்டு சீட்டு பிந்தலாம். அட்டை ஓடிவந்து பழைய சீட்டைப் படித்து, பழைய சரக்கைப் பழைய விலாசத்துக்கே அனுப்பிவிடும். அதுவும் எப்போதும் நடக்காது. லட்சத்தில் ஒரு தடவை. என்னதான் நடக்கிறது என்று பார்க்க இரண்டு வரிகளுக்கும் நடுவே ஓர் அச்சிடும் ஆணையைச் செருகுவார் டிரைவர்காரர். 9600 பாட் வேகச் சீரியல் கம்பியில் ஓர் எழுத்து போக ஒரு மில்லி விநாடி. அறுபது எழுத்து வரி ஒன்றுக்கு 60,000 மைக்ரோ விநாடி. அந்த அவகாசத்தில் சீட்டு சாவதானமாகப் போய்ச் சேர்ந்துவிட, பிழை மாயமாய் மறைந்துவிடும். ஆணையை எடுத்தால் மறுபடியும் வரும். இத்தகைய பிழை கண்ணுக்கு அகப்படுவதில்லை. நிரலை எதிரே வைத்துக்கொண்டு, எது எதற்கு முன்னால் நடந்தாக வேண்டும் என்று காகிதத்தில் எழுதிப் பார்ப்பவர் கைக்குத்தான் அகப்படும்.

இன்ஃபினிபாண்டின் பாக்கியம் வெகுநாள் ஊசலாடியது. 2002-இல் இன்டெல் தன் சில்லுத் தயாரிப்பைக் கைவிட்டது. ஆனால் மறு ஆண்டே, வர்ஜீனியா டெக்கில் ஸ்ரீநிதி வரதராஜனின் முயற்சியால் 1100 ஆப்பிள் பவர் மேக் ஜி5 யந்திரங்கள் இன்ஃபினிபாண்டால் பிணைக்கப்பட்டு, 10.28 டெராஃப்ளாப் வேகத்துடன் உலகப் பட்டியலில் மூன்றாவது இடத்தைப் பிடித்தன. விற்பவர்கள் ஆளுக்கொரு டிரைவர் மூட்டையைச் சுமந்து திரிந்த நிலைமையும் மாறிற்று: ரோலண்ட் டிரையர் முதலானவர்கள் பொதுவில் எழுதிய நிரல், 2005 மார்ச்சில் 2.6.11-ஆம் பதிப்போடு லினக்ஸ் கெர்னலுக்குள் குடியேறியது.

குடியேறிய பிறகுதான் பெரிய தகராறு. யூனிக்ஸ் மரபில் ஒரு நிரல் தன்னைப்போல் இன்னொன்றைப் பெற்றெடுக்கும் ஃபோர்க் என்ற காரியம் உண்டு. பிறந்த உடனே சொத்தைப் பிரிப்பதில்லை. தாய்க்கும் சேய்க்கும் பக்கங்கள் கூட்டுக் குடும்பச் சொத்தாகவே நீடிக்கும். யாராவது ஒருவர் ஒரு பக்கத்தில் புதிதாக எழுதப்போனால், அப்போது பாகப்பிரிவினை: எழுதப்போனவருக்குப் புது நகல், மற்றவருக்குப் பழைய பக்கம். சிக்கனமான, அழகான ஏற்பாடு. இப்போது, பதிவு செய்த பக்கத்தோடு தாய் ஃபோர்க் செய்து, சேய்க்கு முன்னதாகத் தானே அந்தப் பக்கத்தில் எழுதினால் என்ன ஆகும்? கெர்னல் சட்டப்படி தாயைப் புதுப் பக்கத்துக்குக் குடிபெயர்த்துவிடும். அட்டைக்கு இந்தச் சமாசாரம் தெரியாது. அது தன்னிடமுள்ள பத்திரத்தின்படி பழைய பக்கத்திலேயே வந்த சரக்கையெல்லாம் இறக்கிக்கொண்டிருக்கும். தாய் காலி வீட்டில் காத்திருக்கும். ஊப்ஸ் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. விடை மட்டும் தப்பாக வரும். கெர்னல் ஏட்டில் எல்லாம் கிரமமாகத்தான் இருக்கிறது. அட்டையின் ஏட்டிலும் அப்படியே. இரண்டு ஏடுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

2006-இல், 2.6.16-ஆம் பதிப்பில், இந்தப் பக்கங்களைச் சேய்க்குக் கொடுக்கவே வேண்டாம் என்று நிரல் முன்கூட்டிச் சொல்லிவைக்க ஓர் ஆணை வந்தது. தகராறுக்குரிய சொத்தை வாரிசுக் கணக்கிலிருந்தே நீக்கிவிடும் உபாயம். பிரிஸ்டலிலிருந்த குவாட்ரிக்ஸ் கம்பெனி வேறு வழி போயிற்று. அதன் ஈலான் அட்டையிலேயே விலாசப் பெயர்ப்பு உறுப்பு ஒன்று இருந்தபடியால் ஆணியடிக்கும் அவசியமில்லை; ஆனால் கெர்னல் தன் ஏட்டைத் திருத்தும்போதெல்லாம் அட்டைக்கும் தகவல் சொல்ல வேண்டும். அதற்கான ஒட்டுகளைச் சொந்தத்தில் சுமந்து திரிந்தார்கள். அத்தகைய தகவல் ஏற்பாடு லினக்ஸில் அதிகாரபூர்வமாக இடம்பெற்றது 2008-இல், அதுவும் பெரும்பாலும் மெய்நிகர் யந்திரக்காரர்களின் தேவைக்காக. மறு ஆண்டே குவாட்ரிக்ஸ் கடையைக் கட்டிவிட்டது. அந்த அடித்தளத்தின்மேல் 2015-இல், 3.19-ஆம் பதிப்பில், ஆணியடிக்காமலேயே பதிவு செய்யும் வசதியை மெல்லனாக்ஸ் கம்பெனியின் இன்ஃபினிபாண்ட் அட்டைகள் பெற்றன.

ஃபோர்க் தகராறு அதன்பின்னும் உறங்கவில்லை. 2020-இல் டோர்வால்ட்ஸ் பாகப்பிரிவினைச் சட்டத்தைச் சற்று எளிமைப்படுத்தப்போக, வலைக்காரர்களின் சோதனைகள் உடைந்தன, புகார் போயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த 5.9-ஆம் பதிப்பு முதல், ஆணியடித்த பக்கம் இருக்கும்போது ஃபோர்க் நடந்தால் கெர்னல் பின்னொரு சமயத்துக்காகக் காத்திருப்பதில்லை. அந்தக் கணத்திலேயே சேய்க்கு ஒரு நகலை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அட்டை அறிந்த மூலப் பக்கம் தாயிடமே இருக்கிறது.