எழும்பூரில் வாங்கிய கொழும்பு டிக்கெட்

வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு ரயில் உகந்ததா, ஆகாய விமானம் உகந்ததா என்பது ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு ஓயாத விவாதம். பாரிஸிலிருந்து மிலானுக்கு இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம். எங்கள் பக்கத்தில் அந்த விவாதத்துக்கு இடமே இல்லை. ஆவடியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ வெளிநாடு போகிறவர் ஒரு வாடகைக் காரைப் பிடித்து, பூந்தமல்லியையோ போரூரையோ தாண்டி, மீனம்பாக்கம் போய்ச் சேருகிறார். அவ்வளவுதான்.

"ரயிலேறி வெளிநாடா? இங்கேயிருந்தா, மாமா?" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவன் என்னிடம் கேட்டுவிட்டுச் சிரித்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே அந்த வழிகள் அடைபட்டுவிட்டன. ஆனால் சென்னைக்காரருக்கு ரயிலேறி வெளிநாடு போக ஒன்றல்ல, இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று மேற்கு வழி. அது எங்கள் அம்பத்தூர் வழியாகவே போயிற்று. மற்றது தெற்கு வழி. இரண்டையுமே விமானம்தான் தோற்கடித்தது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மேற்கு வழியைப் பொறுத்த மட்டில் அது சரி. தெற்கு வழியின் கதை வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மேற்கு வழி. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிற்று. பெரம்பூரையும் அம்பத்தூரையும் ஆவடியையும் தொட்டுக்கொண்டு போகும் பாதை அதுதான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1871-ல் பம்பாயிலிருந்து வந்த இருப்புப் பாதையும் சென்னையிலிருந்து போன பாதையும் ராய்ச்சூரில் கைகோத்துக்கொண்டன. அதன் பிறகு சீமைக்குப் போகிறவர் சென்னையில் ரயிலேறி, பம்பாயில் கப்பலேறி, சூயஸ் வழியே போய்விடலாம் என்று ஆயிற்று.

கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலேயே கப்பல் ஏறியவர். திரும்பி வந்ததோ பம்பாய் வழியாக. 1919 மார்ச் 27-ஆம் தேதி நோயாளியாகப் பம்பாயில் வந்து இறங்கினார். ஏப்ரல் 2-ஆம் தேதி சென்னை வந்து சேர்ந்தார். பிரயாணத்தின் கடைசி மணி நேரத்தில் அவர் ஆவடியையும் அம்பத்தூரையும் கடந்துதான் வந்திருக்க வேண்டும். இந்தப் பாதையோரத்தில் குடியிருக்கிற எனக்கு அதை நினைத்தால் ஏதோ ஒரு சொந்தம் கொண்டாடத் தோன்றுகிறது.

அவருக்குப் பதினொரு வருஷம் கழித்து, பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் பிரஸிடென்ஸி கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டுக் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டார். 1930 ஜூலை 31-ஆம் தேதி பம்பாயில் 'பில்ஸ்னா' என்ற கப்பலில் ஏறி வெனிஸ் நகரில் இறங்கினார். மூன்று வாரத்துக்குச் சற்றே குறைந்த அந்தக் கடற்பிரயாணத்தில், இறந்துபோகும் நட்சத்திரங்களைப் பற்றிக் காகிதமும் பென்சிலுமாக அவர் போட்ட கணக்குத்தான் பிற்காலத்தில் 'சந்திரசேகர் எல்லை' என்று உலகப் புகழ் பெற்றது. 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

"பார்த்தீர்களா! விமானத்தில் போயிருந்தால் அவருக்கு இந்த அவகாசம் ஏது?" என்று சிலர் கேட்பதுண்டு. அழகான கேள்விதான். ஆனால் அதே கப்பலில், அதே நாட்களை, சீட்டாடியே கழித்தவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? மெதுவாகப் போகிற எல்லாருக்கும் மேதை பிறந்துவிடுவதில்லை. கடிதத்துக்காகக் காத்திருக்கும் தாய்க்கும், சரக்குக்காகக் காத்திருக்கும் வியாபாரிக்கும் மூன்று வாரம் என்பது மூன்று வாரந்தான். 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டி வந்தார். அந்தத் தபால் அங்கிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்கு ஆகாயத்திலேயே வந்தது. 1948 ஜூன் 8-ஆம் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்கு ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் முதல் விமானம் பறந்தது. வாரக் கணக்குக்கும் மணிக் கணக்குக்கும் நடந்த போட்டியில் கப்பல் தோற்றது. அது நியாயமான தோல்வி. அதைப் பற்றி நான் கண்ணீர் விடப் போவதில்லை.

இனித் தெற்கு வழிக்கு வருவோம். 1914-ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரையில் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மறுபடியும் ரயில் என்று ஏற்பாடாயிற்று. எழும்பூரில் டிக்கெட் வாங்கினால் அந்த ஒரே டிக்கெட்டில் கொழும்பில் போய் இறங்கலாம். நடுவே இருந்த கடல் சுமார் 35 கிலோமீட்டர். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்குப் போய்த் திரும்புகிற தூரத்தைவிடக் குறைவு. இந்த ரயிலுக்கு ஜனங்கள் வைத்த பெயர் 'போட் மெயில்'. வியாபாரிகள், வக்கீல்கள், ராமேசுவரத்துக்கு வரும் யாழ்ப்பாணத்து யாத்திரிகர்கள், கல்லூரி மாணவர்கள் என்று எத்தனையோ விதமான பிரயாணிகள் அதில் போய் வந்தார்கள்.

அந்தக் காலத்தைச் சொர்க்கமாக வர்ணித்துவிடக் கூடாது. ஒரே ரயில், ஒரே கடல் என்றாலும் எல்லாருக்கும் ஒரே பிரயாணம் வாய்க்கவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளிகளை மண்டபம் முகாமில் இறக்கிவிடுவார்கள். அம்மையும் காலராவும் அக்கரைக்கு வந்துவிடக் கூடாதென்று இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. ஊசி போட்டு, சோதனை பார்த்து, சில நாட்கள் அடைத்து வைத்த பிறகே அவர்களைக் கப்பலேற்றுவார்கள். மேல் வகுப்பில் இரண்டு இரவில் முடிகிற பிரயாணம் அவர்களுக்கு ஒரு வாரத்தையும் விழுங்கிவிடும். எவ்வளவு நேரமாகும் என்பதை வண்டியின் வேகம் மட்டுமா தீர்மானிக்கிறது? வாசலில் நிற்கிற உத்தியோகஸ்தரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார்.

1947 டிசம்பர் 10-ஆம் தேதி ஏர் சிலோன் நிறுவனத்தின் டகோட்டா விமானம் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்து வந்தது. இரண்டு இரவுப் பிரயாணம் சில மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. மேற்கு வழியின் கதைதான் இங்கேயும் நடந்திருக்க வேண்டும் என்று நேயர்கள் எதிர்பார்க்கலாம். ஆனால் அப்படி நடக்கவில்லை. விமானம் வந்து பதினேழு வருஷங்கள் ஆன பிறகும் போட் மெயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவசரக்காரரும் பணக்காரரும் மேலே பறந்தார்கள். மூட்டை முடிச்சும் குழந்தை குட்டியுமாகப் போகிறவர்கள் எழும்பூருக்குப் போனார்கள். ரயிலா, விமானமா என்ற கேள்வி இந்த ஊரில் உண்மையாகவே கேட்கப்பட்ட காலம் அதுதான்.

பிறகு அந்த வழியை அடைத்தவை மூன்று.

முதலாவது, காகிதம். 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவராக ஆக்கிற்று. அதையடுத்துக் கடவுச்சீட்டும் விசாவும் வந்தன. அதுவரை அக்கரை என்றிருந்த இடம் வெளிநாடு ஆயிற்று.

இரண்டாவது, புயல். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எழுந்த கடல், தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பாம்பன் ரயிலை நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு விழுங்கிற்று. ஊரையும் துறையையும் அழித்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாட்களில் சீர்ப்படுத்திவிட்டார்கள். தனுஷ்கோடிக்குப் போன பாதையை அறுபது ஆண்டுகள் கடந்தும் திரும்பப் போடவில்லை. கப்பல் ராமேசுவரத்துக்கு மாறிற்று. அந்த வருஷம் அக்டோபரில்தான் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவாகியிருந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராதவர்களை 'ராமானுஜம்' என்ற கப்பல் ராமேசுவரத்தில் கொண்டுவந்து இறக்கிற்று. பாட்டன் அடைபட்டுக் கிடந்த அதே மண்டபம் முகாமில் பேரன் வந்து தங்கினான். ரயிலா, விமானமா என்று அவனை யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது, போர். 1983-க்குப் பிறகு மூண்ட போரில் அந்தக் கப்பலும் நின்றது. தலைமன்னார் இருப்புப் பாதையும் அழிந்தது. அதன் பின் அகதிகள் வந்தது படகில். அதற்கு டிக்கெட்டும் கிடையாது, கால அட்டவணையும் கிடையாது.

ஆக, தெற்கு வழியில் ரயிலை விமானம் ஜெயிக்கவில்லை. வேறு காரணங்களால் போட்டியாளர் ஒருவர் காணாமற் போனார்; மிச்சமிருந்தவருக்கு மாலை விழுந்தது. இது ஏன் முக்கியம் என்றால், நேரத்தால் தோற்ற வழியைத் திரும்ப உயிர்ப்பிக்க முடியாது. சட்டத்தாலும் சண்டையாலும் அசட்டையாலும் அடைபட்ட வழியைத் திறக்க முடியும். தலைமன்னார் வரையிலான பாதை இந்திய உதவியோடு 2015-ல் திரும்ப வந்தது. 2019-ல் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் விமானம் தொடங்கிற்று. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள்; அது விட்டு விட்டேனும் ஓடிற்று. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய பாலம் திறந்தார்கள். இக்கரையில் ராமேசுவரம் வரை தண்டவாளம், அக்கரையில் தலைமன்னார் வரை தண்டவாளம். நடுவில் உள்ள கடல் அன்று எவ்வளவோ இன்றும் அவ்வளவுதான்.

வசதியும் அவசரமும் உள்ளவர்கள் விமானத்தில் போகட்டும், நானும் போவேன். ஆனால் அக்கரையில் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு இக்கரையில் காலம் கழிக்கும் ஒரு கிழவிக்கு, மூட்டையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்து உறங்கிப் போய்ச் சேருகிற ஒரு வழியும் இருக்க வேண்டாமா? சாயங்காலம் எழும்பூரிலிருந்து ராமேசுவரத்துக்குப் புறப்படும் ரயிலை ஜனங்கள் இன்றும் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள். ரயில் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. போட்டைத்தான் காணோம்.