மண்ணுக்குள் கிடந்த ரோமாபுரிக் காசு



காசு என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் இங்கே நாம் பேசப்போவது கடையில் செல்லாத காசு. ஒரு தேத்தண்ணிகூட வாங்க முடியாது! ஆனாலும் இந்தக் காசு இல்லையென்றால், நம் முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள் என்ற கதையில் பாதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் வெள்ளலூர் என்று ஓர் ஊர். அங்கே 1842இல் மண்ணுக்குள்ளிருந்து வெள்ளிக் காசுகள் கிடைத்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, 500க்கும் மேல்! எல்லாம் ரோமாபுரிக் காசுகள். 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் இன்னொரு புதையல். அதில் 501 தங்கக் காசுகள். அந்நாளில் ஒரு ரோமானியத் தங்கக் காசுக்கு 25 வெள்ளிக் காசு மாற்று. ஒரு ரோமானியப் போர்வீரனின் ஆண்டுச் சம்பளமோ 225 வெள்ளிக் காசு. கணக்கில் கெட்டிக்கார மாணவர்கள் போட்டுப் பாருங்கள். அந்த ஒரு புதையலைச் சம்பாதிக்க அந்த வீரன் 55 ஆண்டுக்கு மேல் உழைக்க வேண்டும்!

இவ்வளவு பணம் ஏன் நம் மண்ணுக்கு வந்தது? மிளகுக்காக. முத்துக்காக. மெல்லிய துணிக்காக. கொங்கு நாட்டுப் பச்சைக் கல்லுக்காக. யவனர் பொன்னோடு கப்பலில் வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் புலவர் பாடியிருக்கிறார். ரோமாபுரி எழுத்தாளர் பிளினியோ, ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று வயிறெரிந்து எழுதினார். அவர் அழுதது நமக்குச் சாட்சியாயிற்று!

இதற்கு முந்திய கதையையும் கேளுங்கள். ரோமாபுரியில் பேரரசர்களுக்கு முன் இருந்தது குடியாட்சி. உயிரோடிருக்கும் மனிதனின் தலையைக் காசில் போடும் வழக்கம் அங்கே இல்லை. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் தம் தலையைப் போட வைத்தார். "ராஜா ஆகப் பார்க்கிறான்" என்று அதே ஆண்டில் அவரைக் கொன்றுவிட்டார்கள். கொன்றவர்களில் ஒருவர் புரூட்டஸ். அவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டே ஆண்டில் தாமும் ஒரு காசு அடித்தார். ஒரு பக்கம் இரண்டு கத்தி, மறுபக்கம் அவருடைய தலை! பதவி வந்தால் மனிதன் மாறுவது அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

அந்தக் குடியாட்சிக் காலக் காசுகள் தமிழ்நாட்டில் அதிகமாகக் கிடைக்கவில்லை. கி.மு. 30இல் அகஸ்டஸ் எகிப்தைப் பிடித்தார். செங்கடல் துறைமுகங்கள் அவர் கைக்கு வந்தன. அதன் பிறகு ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குப் புறப்பட்டதாக ஸ்திராபோ எழுதியிருக்கிறார். அதனால்தான் அகஸ்டஸ், அவருக்குப் பின் வந்த டைபீரியஸ் ஆகிய இருவரின் வெள்ளிக் காசுகளே நம் பக்கம் குவிந்து கிடக்கின்றன. கி.பி. 64 வாக்கில் நீரோ மன்னன் காசின் எடையைக் குறைத்து, வெள்ளியில் மட்டமான உலோகத்தையும் கலந்தான். நம் வியாபாரிகள் ஏமாந்தார்களா? பழைய நல்ல காசையே விரும்பினார்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

இது நம் குடும்பங்களுக்குப் புரியாத விஷயமல்ல. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் வாழைமர நோட்டு ஓடியதே! சண்டை முடிந்ததும் அது வெறும் காகிதம் ஆனது. கட்டுக்கட்டாக வைத்திருந்தவனும் அன்று ஏழைதான்.

இப்போது ஒரு முக்கியமான சங்கதி. கரூர் அமராவதி ஆற்று மணலில் பழங்காசுகள் கிடைப்பதுண்டு. தங்கம் என்றால் உருக்கிவிடுவார்கள். வெள்ளியும் அப்படியே. சின்னச் செப்புக் காசை யாரும் மதிப்பதில்லை. அப்படி மதிப்பில்லாமல் கிடந்தவற்றைத் தேடிச் சேர்த்தவர் 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. 2021இல் அவர் மறைந்தார். கரூர், மதுரை ஆகிய ஊர்களில் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளைப் பற்றி 1994இல் ஒரு நூலே எழுதினார். அகஸ்டஸுக்கு 400 ஆண்டுக்குப் பிறகும் ரோமானியக் காசு தமிழ்நாட்டுக்கு வந்துகொண்டிருந்தது என்பதை அந்தச் சல்லிக் காசுகள்தான் சொல்கின்றன. கரூரில் கிடைத்த இன்னொரு வெள்ளிக் காசில் ரோமானியப் பேரரசனைப் போலவே ஒரு சேர மன்னனின் தலை. மேலே தமிழி எழுத்தில் 'மாக்கோதை' என்ற பெயர். உருக்கியிருந்தால் அந்த மன்னனின் முகம் அடுப்போடு போயிருக்கும்!

"அதெல்லாம் இந்தியாவுக் கதை, ஜொகூரில் இருக்கிற நமக்கென்ன?" என்று கேட்கிறீர்களா? நாம் வாழும் இதே தீபகற்பத்தின் வடக்கே, தென் தாய்லாந்தின் குளோங் தோமில் ஒரு சிறிய உரைகல் கிடைத்தது. பொன்னை உரசிப் பார்க்கும் கல். அதில் 'பெரும்பதன் கல்' என்று தமிழில் எழுதியிருக்கிறது. காலம் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. பால்மரம் வெட்ட நம் பாட்டன் கப்பலேறுவதற்கு 1,500 ஆண்டுக்கு முன்பே ஒரு தமிழ்ப் பொற்கொல்லர் இந்தப் பக்கம் தொழில் செய்ய வந்துவிட்டார்! இன்னும் கிழக்கே, வியட்நாமின் ஓக் ஏவோவில் 1944இல் தோண்டியபோது ரோமானியப் பேரரசர் அந்தோனினஸ் பயஸின் பதக்கமும் கிடைத்தது. கடல்வழி அவ்வளவு தூரம் நீண்டிருந்தது.

மாணவர்களே, பழங்காசு சேர்ப்பது நல்ல பழக்கம். ஆனால் ஒன்றை மனத்தில் வையுங்கள். காசின் விலை தங்கத்தில் மட்டும் இல்லை. அது எந்த இடத்தில், எதனோடு கிடைத்தது என்பதில்தான் சரித்திரம் இருக்கிறது. பெற்றோர்களே, செம்பனைக் கன்று நடக் குழி தோண்டும்போது பழைய காசோ, பானை ஓடோ, மணியோ தட்டுப்பட்டால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், நகைக்கடைக்கும் கொண்டு போகாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்தில் சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் அப்படித்தான் கேட்கிறது.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் வாழைமர நோட்டோ, பழைய மலாயாக் காசோ இருந்தால், அது எப்படி வீட்டுக்கு வந்தது என்று பாட்டியிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். வெள்ளலூரில் அந்தப் பானையைப் புதைத்தவர் யார் என்று எழுதி வைக்க அன்று ஆள் இல்லை. நம் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றைக்கே கேட்டு எழுதட்டும்.