கடலைத் தூர்த்த சிறுமி

ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியை அம்மூவனார் பாடினார். அதில் அருகருகே அமைந்த இரு பாடல்களை நாம் அகப்பொருள் நயத்திற்காகவே நெடுங்காலம் படித்தும் பாடம் சொல்லியும் வந்திருக்கிறோம். இரண்டிலும் சிறுமி ஈரமணலில் செய்த பாவையைக் கடல் கவர்ந்து செல்கிறது. ஒருத்தி கண் சிவக்க அழுது நிற்கிறாள். மற்றொருத்தியோ மணலை வாரி வீசிக் கடலையே தூர்க்க முற்படுகிறாள்.

2004 டிசம்பர் 26-க்குப் பின் இப்பாடல்களை நம்மால் முன்போலப் படிக்க இயலவில்லை. அன்று ஆழிப்பேரலை குமரி மாவட்டத்தில் மட்டும் எண்ணூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. குளச்சலை அடுத்த கொட்டில்பாட்டில், ஓடித் தப்ப முயன்றோர் பலர் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயில் சிக்கி மாண்டனர். மணக்குடியில் பாலமே பெயர்ந்து போயிற்று. அதன்பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் வல்லுநர்கள் தமிழகக் கடலோரப் பணியாளர்களுக்கு உளநலப் பயிற்சி அளித்தனர். குழந்தைகளிடம் கேள்வி கேட்டுத் துருவாமல், ஓவியம், கதை, விளையாட்டு ஆகியவற்றின் வழியே அவர்களை அணுகுவது இத்தகைய பணியின் அடிப்படை.

இவ்வணுகுமுறைக்கு நூறாண்டு வரலாறு உண்டு. தாய் வெளியே சென்றிருந்த வேளையில், ஒன்றரை வயதுப் பேரன் நூற்கண்டை வீசி மறைப்பதும் இழுத்து மீட்பதுமாக விளையாடியதைச் சிக்மண்ட் பிராய்டு 1920-இல் எழுதினார். பிரிவுக்கு ஆளாகி நின்ற குழந்தை, விளையாட்டில் அப்பிரிவைத் தானே ஆள்கிறது என்பது அவர் தந்த விளக்கங்களுள் ஒன்று. 1928-இல் இலண்டனில் சிறுவர் மனநல நிலையம் தொடங்கிய மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்டு, மணல் நிறைந்த தட்டையும் சிறு பொம்மைகளையும் குழந்தைகளின் முன் வைத்தார். சொல்லால் கூற முடியாததை அவர்கள் மணலில் கட்டிக் காட்டினர். சுவிட்சர்லாந்தின் டோரா கால்ஃப் இம்முறையை மேலும் வளர்த்தார். இன்று பெரியவர்களுக்கும் அது பயன்படுகிறது.

அம்மூவனாரின் சிறுமியும் இதையே செய்கிறாள். கடல் தூராது. ஆயினும் அழுது நிற்பதை விடுத்துக் கையில் மணலை எடுத்த கணத்தில், இழப்புக்கு எதிரே நிற்கும் வலிமை அவளுக்கு வந்துவிடுகிறது.

விளையாடவிட்டால் எல்லாம் ஆறிவிடும் என்பது இதன் பொருளன்று. பேரிடர் கண்ட குழந்தை ஒரே விளையாட்டை மகிழ்ச்சியின்றி, மாற்றமின்றித் திரும்பத் திரும்ப ஆடுமாயின், அது ஆறாத புண்ணின் அடையாளம். அப்போது பயிற்சி பெற்றவரின் துணை வேண்டும். கண்டிக்காமல், குறுக்கிடாமல் உடனிருக்கும் ஒருவர் முன்னிலையில்தான் விளையாட்டு மருந்தாகிறது.

தொல்காப்பியர் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். அதைச் சிறுவர்க்கு மட்டும் என்று அவர் வரையறுக்கவில்லை. நாமோ தேர்வு நெருங்கினால் முதலில் பறிப்பது விளையாட்டு வேளையைத்தான். கடலரிப்பும் தடுப்புக் கற்சுவர்களும் நம் கரையில் மணற்பரப்பைக் குறுக்கிவிட்டன. கல் அலையைத் தடுக்கலாம். அதைக் கொண்டு பாவை செய்ய இயலாது. அடுத்த பேரலை எப்போது வருமென யாரும் அறியோம். அதுவரை நம் பிள்ளைகளுக்குக் கைப்பிடி மணலும், அதை வாரி வீசச் சிறிது பொழுதும் மிச்சம் வைப்பது நம் கடன்.