மாட்டு ஊசியும் பாறுக் கழுகும்

மாட்டின் வலியைப் போக்கும் ஊசி மருந்து, வானத்தில் பறக்கும் பறவையைக் கொல்லுமா? இந்தியாவில் அதுதான் நடந்தது.

1980களில் வட இந்தியாவில் எங்கு பார்த்தாலும் பாறுக் கழுகுகள். செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் கூட்டமாக வந்து இறங்கி, எலும்பை மட்டும் மிச்சம் வைக்கும். காசு வாங்காத துப்புரவுப் பணியாளர்கள்! 1990களில் ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் அவை கழுத்து தொங்கிச் சாவதை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் கவனித்தார். 1992 முதல் 2007 வரையிலான காலத்தில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்தது. அதாவது, ஆயிரத்தில் ஒன்றுதான் மிச்சம்.

ஏதோ தொற்றுநோய் என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். பாகிஸ்தானில் ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004ல் விடையை வெளியிட்டனர்: டைக்ளோஃபெனாக். 1970களில் மனிதர்களுக்காக வந்த வலி நிவாரணி அது. விலை மலிந்ததும் மாட்டுக்கும் பரவலாகப் போடப்பட்டது. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்தால், மருந்து அதன் உடலிலேயே இருக்கும். அந்த இறைச்சியைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்துவிடும். நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே இவ்வளவு பெரிய அழிவுக்குப் போதும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

2006ல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை இந்தியா தடை செய்தது. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து பாறுகளுக்குத் தீங்கு செய்யாது என்பதும் அதே ஆண்டில் தெரியவந்தது. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை! மெலாக்சிகாம் விலை கூடுதல். மருந்துக் கடைகளிலோ மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் 30 மில்லி புட்டிகளில் மலிவாகக் கிடைத்தது. மனிதனுக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். பெரிய புட்டி மாட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

மாடு வலியில் துடிப்பதைப் பார்த்து ஊசி போட்ட விவசாயியைக் குறை சொல்ல முடியாது. அவர் கைக்கு எட்டிய விலையில் இருந்தது அந்த மருந்துதான். ஆனால் அந்த மலிவுக்கான மீதி விலையை ஊரே கொடுத்தது: அழுகும் சடலங்கள், பெருகிய தெருநாய்கள், வெறிநாய்க்கடி அபாயம்.

கடைசியில் அரசு கைவைத்தது புட்டியின் அளவில். 2015ல் 3 மில்லிக்கு மேற்பட்ட ஊசிப் புட்டிகள் தடை செய்யப்பட்டன. மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2017ல் தடை செல்லும் என்றது. பாறுகளுக்கு ஆபத்தான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவற்றையும் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2023ல் தடை வந்தது.

நீலகிரியின் மோயாறு பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் கூடு கட்டுகின்றன. அவை பிழைப்பது, அக்கம்பக்கத்து ஊர்களில் மாட்டுக்கு எந்த ஊசி போடுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.