வடமுனை ஒளியும் நம் நாட்டு வானமும்

1872ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இரவு பம்பாய் வானத்தில் வடமுனை ஒளி தோன்றியது. நார்வேயிலும் ஐஸ்லாந்திலும் காணக்கிடைக்கும் அந்த ஒளி, தென்னையும் பனையும் வளரும் ஒரு கடற்கரைப் பட்டினத்துக்கு வந்து சேர்ந்தது. பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கடலடியில் கிடந்த தந்திக் கம்பி அன்றிரவு சில மணி நேரம் ஒழுங்காக இயங்கவில்லை. செய்தித்தாளிலும் செய்தி வந்தது. ஆனால் அந்த இரவின் நிழற்படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை.

நிழற்படக் கலை அப்போது நம் நாட்டுக்கு வந்து சேரவில்லை என்று எண்ணிவிடலாகாது. 1868ஆம் ஆண்டு ஆகஸ்டில் குண்டூரில் முழுச் சூரிய கிரகணத்தைப் படமெடுத்திருந்தார்கள். பம்பாய் நிகழ்ச்சிக்கு இரண்டு மாதங்களுக்குமுன், 1871 டிசம்பர் 12ஆம் நாள், நீலகிரியின் தொட்டபெட்டாவிலும் மலையாளக் கரையில் உள்ள பேக்கல் கோட்டையிலும் சூரியனின் ஒளிவட்டம் கண்ணாடித் தகடுகளில் பதிவாயிற்று. அத்தகைய திறமை இருந்தும் பம்பாய் இரவு கைக்கு அகப்படாமல் போனதற்குக் காரணம் தகட்டிலேயே இருந்தது. அக்காலத்துத் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசையைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். சில நிமிடங்களில் பசை உலர்ந்துவிடும். மங்கிய ஒளிக்காக நெடுநேரம் திறந்துவைக்க இயலாது. அதனினும் பெரிய குறை வேறொன்று உண்டு. அந்தத் தகட்டுக்கு நீல ஒளிதான் தெரியும், சிவப்பு தெரியாது. தெற்கே தோன்றும் வடமுனை ஒளியோ பெரும்பாலும் செந்நிறத்தது. அன்றிரவு யாரேனும் காமிராவைத் திருப்பி வைத்திருந்தாலும் தகடு வெறுமையாகவே இருந்திருக்கும்.

சூரியனிலிருந்து பெருவாரியாக வீசப்படும் மின்துகள்கள் பூமியின் காந்தப்புலத்தைத் தாக்கிக் கலக்குகின்றன. அப்போது துருவப் பக்கங்களில் இறங்கும் துகள்கள் காற்றின் பிராணவாயு அணுக்களைத் தூண்டி ஒளிரச் செய்கின்றன. ஏறத்தாழ 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் அந்த ஒளி பச்சை. 200 கிலோமீட்டருக்கு மேலே சிவப்பு. உயரத்தில் இருப்பது தொலைவிலும் தெரியுமாதலால், தெற்கே உள்ளவர்களுக்குப் பச்சை அடிவானத்தின் கீழே மறைந்துவிட, மேலேயுள்ள சிவப்பு மட்டும் எட்டுகிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல் சுவையாகப் படுகிறது. மேனாட்டார் இவ்வொளிக்கு இட்ட ‘அரோரா’ என்ற பெயர் உரோமர்களின் வைகறைத் தெய்வத்தின் பெயர். பச்சைத் திரை கண்ட நார்வேக்காரர் இட்ட பெயரன்று அது. வடக்கே சிவந்த வானத்தைக் கண்ட தென் ஐரோப்பிய அறிஞர் இட்டது. பம்பாய்வாசிகள் கண்டதும் அத்தகைய செவ்வானத்தையே.

படம் இல்லையே தவிர, பதிவு இல்லாமல் போகவில்லை. பம்பாயின் கொலாபா வானாராய்ச்சி நிலையத்தில் காந்த ஊசியின் அசைவை இரவும் பகலும் மணிதோறும் கண்ணால் பார்த்து எழுதிவந்தார்கள். ஊசி கலங்கினால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுதுவார்கள். 1859 செப்டம்பரில் வீசிய பெருங் காந்தப்புயலின்போது அங்கே பூமியின் காந்தவிசை சுமார் 1,600 நானோடெஸ்லா அளவுக்குத் தாழ்ந்ததை அந்தக் கணக்கேடு சொல்லுகிறது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2003இல் மேனாட்டு ஆராய்ச்சியாளர்களும் நம்மவர்களும் அப்புயலின் வலிமையை மதிப்பிடுகையில் கொலாபாவின் எண்களையே எடுத்து ஆண்டார்கள். விளக்கடியில் உட்கார்ந்து அவ்வெண்களை எழுதியவர்களை இன்று யார் நினைக்கிறார்கள்? பிற்காலத்தில் பம்பாயில் மின்சார டிராம் வண்டி வரவிருந்தபோது, அதன் மின்னோட்டம் ஊசியைக் குழப்பும் என்று அஞ்சிக் கருவிகளை அலிபாகுக்குக் கொண்டுபோனார்கள். 1904 முதல் அங்கே அளவெடுத்து வருகிறார்கள்.

ஒளியைத் தகட்டில் பிடித்த பெருமை வடக்கேதான் கிடைத்தது. டென்மார்க்கைச் சேர்ந்த சோபஸ் துரோம்ஹோல்ட் 1882–83 குளிர்காலத்தில் நார்வேயின் கௌட்டொகெய்னோவில் முயன்று தோற்றார். பத்தாண்டுகளுக்குப்பின், 1892 ஜனவரி 5ஆம் நாள், ஜெர்மானியர்களான மார்ட்டின் பிரெண்டல், ஓட்டோ பாஷின் இருவரும் போசெகோப் என்னும் ஊரில் வெற்றி கண்டார்கள். உலர்ந்த தகடு அதற்குள் வழக்கத்துக்கு வந்திருந்தது. பிறகு அதே ஊருக்கு 1910இல் வந்த கார்ல் ஸ்டோர்மர் ஒரு கணித ஆசிரியர். அவருக்கு அழகிய படம் வேண்டியதில்லை. ஒளி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று தெரியவேண்டும். நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளியில் இரண்டு காமிராக்களை நிறுத்தி, இரண்டுக்கும் தொலைபேசிக் கம்பி இழுத்து, இருவரும் ஒரே கணத்தில் படமெடுக்கச் செய்தார். இரு படங்களிலும் பின்னணி நட்சத்திரங்களுக்கிடையே ஒளி எவ்வளவு விலகித் தெரிகிறதோ, அதிலிருந்து உயரத்தைக் கணக்கிட்டார். சினிமாக் காமிராவின் வேகமான லென்ஸ் அவருக்குக் கைகொடுத்தது. காந்தப்புயலைப் பற்றி எழுதப்பட்ட நூல்களுள் பலவற்றைவிட அந்தத் தொலைபேசிக் கம்பி நமக்கு அதிகம் கற்பிப்பதாகவே தோன்றுகிறது.

தென்துருவத்திலோ 1911ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் காப்டன் ஸ்காட்டின் குழுவினர் தங்கியிருந்தார்கள். குழுவின் வானிலை அறிஞர் ஜார்ஜ் சிம்ப்சன், சிம்லாவில் இந்திய வானிலைத் துறையில் பணியாற்றிக்கொண்டிருந்தவர். 1912இல் அங்கிருந்து மீண்டும் இந்திய அலுவலுக்கே திரும்பினார். நிழற்படக்காரர் ஹெர்பர்ட் பாண்டிங் பனியையும் பென்குவினையும் உலகம் வியக்கப் படமெடுத்தவர். எனினும் துருவ ஒளி அவர் தகட்டில் விழவில்லை. காமிராவின் உலோகத்தில் நாக்கின் நுனி தற்செயலாகப் பட்டபோது அது அப்படியே ஒட்டி உறைந்துபோன துன்பத்தை அவரே எழுதியிருக்கிறார்.

அந்தக் குளிரில் எல்லாமே பகையாகின்றன. காமிராவின் எண்ணெய் இறுகி மூடி திறக்காமல் நின்றுவிடுவதால் எண்ணெயை முன்கூட்டியே துடைத்தெடுத்துவிடுவார்கள். பிலிம் முறுக்கிய அப்பளம்போல் உடையும். வறண்ட காற்றில் அதை வேகமாகச் சுற்றினால் மின்பொறி எழுந்து, படத்தின் குறுக்கே மின்னல் கீறினாற்போலத் தழும்பு விழும். கருவிக்கருகே மூச்சுவிட்டால் லென்ஸில் உறைபனி படியும். மின்கலத்தைச் சட்டைக்குள் மார்போடு அணைத்து வைத்திருக்கவேண்டும். இவற்றுள் மிகுந்த கேடு, வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது வருவது. உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான காற்றின் ஈரம் முழுவதும் குளிர்ந்த காமிராவின்மேல் நீராய்ப் படிந்துவிடும். ஆகையால் பாண்டிங் காமிராக்களைக் குடிலுக்குள் கொண்டுவராமல் வெளியே வைப்பார். இக்காலத்தார் காற்றுப்புகாத பைக்குள் கட்டி மணிக்கணக்கில் ஆறவிடுவார்கள்.

நாம் வசிக்கும் தோப்பும்படியில் உறைபனி ஏது? மீன்பிடித் துறைமுகத்துக்கு வண்டியில் வரும் ஐஸ் கட்டிகளே நாம் காணும் பனிமலை. ஆயினும் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் புட்டி வியர்ப்பதை இவ்வூர்க் குழந்தையும் அறியும். பாண்டிங் அஞ்சியதும் அந்த வியர்வையைத்தான். காயல் காற்றின் ஈரத்தால் ஒரே மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும் ஊர் இது. துருவத்தில் உறைபனி, கொச்சியில் பூஞ்சை. வேலையைக் கெடுப்பது இரண்டிடத்திலும் நீரே.

1957–58ஆம் ஆண்டுகளில் நடந்த சர்வதேச பூபௌதிக ஆண்டில், வானம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கும் காமிராக்கள் துருவ நாடுகளில் நிறுவப்பட்டன. குவிந்த கண்ணாடி ஒன்றில் வானம் முழுவதும் பிம்பமாக விழ, மேலிருந்து காமிரா அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதே வகைக் கண் இன்று, வேறு உறுப்புக்களோடு, நம் நாட்டிலும் இருக்கிறது. லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இந்நிறுவனத்தின் வேர் சென்னையில் இருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. 1792இல் சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் நாட்டிய கருங்கற்றூணில் தமிழிலும் எழுத்துப் பொறித்தார்கள். அந்நிலையத்தின் வழியில் 1899இல் கோடைக்கானல் நிலையம் பிறந்தது. 1904 முதல் அங்கே சூரியனை நாள்தோறும் படமெடுத்து வருகிறார்கள். கோடைக்கானல் பார்ப்பது காரணத்தை. ஹான்லே பார்ப்பது விளைவை.

2023 ஏப்ரல் 22–23 இரவில் ஹான்லேயின் முழுவானக் காமிரா வடக்கு அடிவானத்தில் செவ்வொளியைப் பதிவு செய்தது. 2024 மே 10–11 இரவில், கடந்த இருபதாண்டுகளில் மிகப் பெரியதான காந்தப்புயல் வீசியபோது, ஒளி இன்னும் தெளிவாக வந்தது. பூமியின் காந்த முனை அமெரிக்கப் பக்கமாகச் சாய்ந்திருப்பதால், அதே அட்சரேகையில் உள்ள அமெரிக்கர்களைவிட நமக்கு இவ்வொளி அரிது. அந்நாட்களில் இந்தியாவின் ஆதித்யா எல்-1 விண்கலமும் சூரியனை நோக்கியிருந்தது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டையைச் சேர்ந்தவர்.

லடாக் எல்லையில் காவல் புரியும் நம் தமிழ் வீரர்களுள் எவரேனும் இதைக் கேட்கக்கூடும். பெருங் காந்தப்புயல் என்று செய்தி வந்த இரவில், நிலவில்லாத வேளையில், காமிராவைக் காலில் நிறுத்தி வடக்கு நோக்கித் திருப்பி, இருபது விநாடி திறந்துவைத்துப் பார்க்கலாம். மங்கிய சிவப்பு கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது, காமிராவுக்குத் தெரியும். 1872இல் தகடு காணமாட்டாததை மனிதர் கண்டார்கள். இப்போது மனிதர் காணாததைக் காமிரா காண்கிறது. படத்தின்மேல் நாளையும் மணியையும் இடத்தையும் மறவாமல் குறித்துவைக்க வேண்டும். திரும்பி வருகையில் காமிராவைப் பையிலிட்டு வாய்கட்டி, காலை வரையில் திறக்காதிருப்பது நலம்.