கணக்கில் வராத வரவு

கல்பாத்தி என்றதுமே மும்பையிலும் டில்லியிலும் சென்னையிலும் இருக்கும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது தேர்தான். ஐப்பசி மாதக் கடைசியில் மூன்று நாட்கள் விசுவநாத ஸ்வாமி, புதிய கல்பாத்தி மந்தக்கரை மகாகணபதி, பழைய கல்பாத்தி லக்ஷ்மிநாராயணப் பெருமாள், சாத்தபுரம் பிரசன்ன மகாகணபதி ஆகியோரின் தேர்கள் வீதி வலம் வரும். மூன்றாம் நாள் மாலையில் அவை ஒன்றுகூடும் காட்சியைப் பற்றிப் பலர் எழுதியாயிற்று. நான் எழுத வந்தது வேறு விஷயம். அந்த தேருக்கும் அதற்கு முன்னால் வரும் தீபாவளிக்கும் ஆன செலவுக்கு நம் அகங்களில் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான்.

செலவு கொஞ்சமா? நவராத்திரிக்கு வருகிற ஒவ்வொரு சுமங்கலிக்கும் வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துண்டு. அந்த வருஷம் கல்யாணமான பெண் இருந்தால் தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு வேஷ்டி, பெண்ணுக்குப் புடவை, பட்சணம், போக வர ரயில் செலவு. தேருக்கு வெளியூரிலிருந்து வரும் பந்துக்கள் பத்துப் பதினைந்து பேருக்கு மூன்று நாள் சாப்பாடு. அது முடிந்து பத்துப் பதினைந்து நாளில் கார்த்திகைச் சீர். பொங்கலுக்குக் கனுப் பணம். முக்கால்வாசிச் செலவும் புரட்டாசிக்கும் தைக்கும் நடுவில் வந்து விழும்.

பழைய நாளில் இதற்கு ஒரு பொருத்தம் இருந்தது. பாலக்காட்டில் முதல் போகம் கன்னி மாதம் (புரட்டாசி) அறுவடையாகும். நிலம் உள்ள குடும்பங்களுக்குப் பாட்ட நெல் வண்டியில் வந்து இறங்கும். அதை அளந்து விற்ற கையோடு நவராத்திரி, தீபாவளி, தேர். இரண்டாம் போக நெல் மகரத்தில் (தையில்) வரும். பண்டிகைக் காலண்டரும் அறுவடைக் காலண்டரும் கைகோத்துப் போயின. நிலம் இல்லாத குடும்பங்களும் அக்கிரஹாரத்தில் நிறைய உண்டு. சமையல், வைதிகம் என்று பிழைத்தவர்களும், ஆதரவற்ற விதவைகளும் என்றைக்குமே கையை ஊன்றித்தான் கரணம் போட்டார்கள். அப்பளம் இட்டு விற்பது அவர்களுடைய வழியாகத்தான் முதலில் இருந்தது.

1970 ஜனவரி 1ஆம் தேதி இந்தப் பொருத்தம் அற்றுப் போயிற்று. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்துக்கு 1969இல் கொண்டுவந்த திருத்தம் அன்று அமலுக்கு வந்து, குத்தகை முறையே ஒழிந்தது. உழுதவனுக்கு நிலம் போனது நியாயம்தான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. தலைமுறை தலைமுறையாக வயலில் இறங்காமல் நெல்லை மட்டும் வாங்கிக்கொண்ட நமக்கு, என்றைக்காவது அது வந்தே தீர வேண்டியதுதான். ஆனால் நெல் நின்ற அந்த வருஷமும் தீபாவளி வந்தது, தேர் வந்தது, பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கௌரவம் மட்டும் குறையக் கூடாது. அப்போதுதான் நிலமுள்ள அகத்து மாமிகளும் அப்பளப் பலகையை எடுத்தார்கள். என் அம்மாவும் எடுத்தாள்.

வேலை சுலபமில்லை. உளுத்த மாவில் உப்பு, பெருங்காயம், அப்பளக் காரம் கரைத்த ஜலம் சேர்த்துப் பிசைந்து, எண்ணெய் தொட்டு உலக்கையால் இடிக்க வேண்டும். மாவு நூல் போல இழுபடுகிற பதம் வந்ததும் கயிறாகத் திரித்து, நூலால் துண்டு போட்டு, குழவியால் மெல்லிசாக இட்டு, நிழலில் பாய் விரித்து உலர்த்த வேண்டும். நான் ரசாயனம் படித்தவன் என்பதால் ஒன்று சொல்லுகிறேன். அந்தக் காரம் ஒரு க்ஷார உப்பு. அது மாவை மிருதுவாக்குகிறது. காயும் எண்ணெயில் போட்டதும் அப்பளத்தில் மிச்சமிருக்கும் ஈரம் ஒரே நொடியில் ஆவியாகிக் கிளம்புவதால்தான் அது பொரிகிறது. முழுக்க உலர்ந்தாலும் கெடுதல், ஈரம் நின்றாலும் கெடுதல். எந்தப் பாடப் புத்தகமும் படிக்காத அம்மா ஓர் அப்பளத்தை விரலால் மடக்கிப் பார்த்தே அந்தப் பதத்தைச் சொல்லிவிடுவாள்.

கொண்டாட்டத்துக்கு (வற்றலை நாம் அப்படித்தானே சொல்கிறோம்) நல்ல வெயில் வேண்டும். மேற்கு மலைத் தொடரில் பாலக்காட்டுக் கணவாய் என்று ஓர் இடைவெளி இருக்கிறதே, அதன் வழியாக மார்கழி, தை மாதங்களில் அடிக்கும் வறண்ட கீழ்காற்றும், அதன் பின் சித்திரை வரை காயும் வெயிலும் இந்தத் தொழிலுக்கு முதலீடு. கல்யாண முகூர்த்தங்களும் அந்த மாதங்களில்தான் நெருங்கி வரும். கல்யாணச் சமையல்காரர்கள் நூறு நூறாகக் கட்டுச் சொல்லி வைப்பார்கள். கோடை விடுமுறைக்கு வந்த உறவுக்காரர்கள் ஒலவக்கோட்டில் ரயில் ஏறும்போது மாட்டுங்காவுக்கும் கரோல்பாகுக்கும் டின் டின்னாக அப்பளமும் மோர்மிளகாயும் போகும். எடவத்தில் மழை பிடித்தால் எல்லாம் நின்றுவிடும்.

ஆக, சம்பாதிப்பது கோடையில், செலவோ ஐப்பசியில். நடுவில் ஐந்தாறு மாதம் அந்தப் பணம் கரையாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் குறி (சீட்டு). எங்கள் தெருவில் பன்னிரண்டு மாமிகள் சேர்ந்து ஒரு சின்னக் குறி நடத்தினார்கள். எல்லோருக்கும் புரட்டாசியில்தான் பணம் வேண்டும் என்பதால் சண்டை வராமல் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அந்த வருஷம் தலைதீபாவளி உள்ள அகத்துக்கு மட்டும் கேட்காமலே முதலில் விட்டுக் கொடுப்பார்கள். அம்மாவுக்கு மாதம் முப்பது நாற்பது ரூபாய்க்கு மேல் நின்றதில்லை. ஆனால் நான் வாங்கிய முதல் சம்பளத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு.

இதை யாரும் வெளியில் சொல்லவில்லை. அப்பளம் உலர்ந்தது பின்கட்டில், கட்டுகள் போனது கொல்லைப்புற வழியாக. இதே வேலையை பம்பாயில் வேறு விதமாகச் செய்தார்கள். 1959 மார்ச் 15ஆம் தேதி கிர்காம் பகுதியில் ஏழு குஜராத்திப் பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் உட்கார்ந்து அப்பளம் இட ஆரம்பித்தார்கள். முதல் நாள் நான்கு பாக்கெட். அதுவே லிஜ்ஜத் பப்பட் என்று வளர்ந்து, ஆயிரக்கணக்கான பெண்கள் பங்குதாரர்களாக உள்ள ஸ்தாபனமாக நிற்கிறது. அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் மாமிகளின் கைப்பக்குவம் எதிலும் குறைந்ததில்லை. அவர்கள் மாடியில் கூடி உட்கார்ந்தார்கள்; நாம் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியாக உட்கார்ந்தோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

இங்கே என் தப்பு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் பி.எஸ்ஸி. முடித்து, அரசாங்க வேலையில் சேர்ந்த புதிது. 1971 மார்ச்சில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு என்னையும் போட்டார்கள். கிடைத்தது எங்கள் பக்கத்துத் தெருக்களே. ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. அவருடைய முக்கியத் தொழில் என்ன என்று ஒரு கேள்வி. வீட்டுத் தொழிலுக்கென்று தனிக் குறியீடு உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்பவர் என்றால் வேறு குறியீடு. அவர் உழைப்பாளர் அல்லாதவர் பட்டியலில் போவார். உபதொழில் உண்டா என்றும் ஒரு கேள்வி இருந்தது. எங்கள் அகத்துக்கு வந்தபோது அம்மா பின்கட்டில் அப்பளம் இட்டுக்கொண்டிருந்தாள். உபதொழில் என்று எழுதட்டுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் எழுத வேண்டாம்டா. நாலு பேர் காதுல விழுந்தா அப்பாவுக்கு என்ன மரியாதை?" என்றாள்.

உழைப்பாளர் அல்லாதவர் என்று எழுதி, உபதொழில் கட்டத்தைக் காலியாக விட்டேன். அந்தத் தெருவில் அப்பளம் இட்ட மாமிகள் அத்தனை பேருக்கும் அப்படியே எழுதினேன். கை நடுங்கவில்லை.

நான் ஒருவன் மட்டும் செய்த தப்பு அல்ல அது என்று பின்னால் தெரிந்தது. 1961 கணக்கெடுப்போடு ஒப்பிட்டால், 1971இல் நாடு முழுவதும் வேலை செய்யும் பெண்களின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பத்து வருஷத்தில் பாதிப் பெண்கள் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. கேள்வி கேட்ட முறையும் பதில் எழுதிய கையும்தான் பெரும்பாலும் காரணம் என்று நிபுணர்கள் பிறகு சொன்னார்கள். 1991 கணக்கெடுப்பில்தான் குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் செய்யும் வேலையும் சேரும் என்று கேள்வியிலேயே தெளிவாகச் சேர்த்தார்கள். வீட்டிலிருந்தபடி உழைப்பவர்களும் தொழிலாளர்களே என்று உலகத் தொழிலாளர் ஸ்தாபனம் தனி ஒப்பந்தம் நிறைவேற்றியது 1996இல்.

சில வருஷங்களுக்கு முன் பூர்வீக அகத்தை ஒழித்தபோது அப்பாவின் கணக்குப் புத்தகங்கள் கிடைத்தன. அரையணா விடாமல் எழுதுபவர். என் தங்கைக்குத் தலைதீபாவளி வந்த 1974ஆம் வருஷத்துப் பக்கத்தைப் புரட்டினேன். செலவுப் பக்கத்தில் வேஷ்டி, புடவை, பட்சணம், ரயில் சத்தம் எல்லாம் இருக்கிறது. வரவுப் பக்கத்தில் அவருடைய சிறு வருமானமும் நான் அனுப்பிய மணியார்டரும். கூட்டிப் பார்த்தால் நூற்றிருபது ரூபாய் இடிக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கணக்கைப் பார்த்துப் பழகிய எனக்கு, அந்த நூற்றிருபது ரூபாய் எதுவென்று கண்டுபிடிக்க அரை நிமிஷம் ஆகவில்லை. அப்பாவுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. எழுதத்தான் மனம் வரவில்லை.

கல்பாத்திக்காரர்களாகிய நாம் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் விசுவநாத ஸ்வாமி கோவிலே ஒரு பெண்ணின் பணத்தில் எழுந்ததுதான். லக்ஷ்மி அம்மாள் என்ற விதவை காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து, 1320 பொன்னையும் சேர்த்து அரசர் இட்டிக் கோம்பி அச்சனிடம் ஒப்படைத்தார் என்பது தல வரலாறு. வருஷம் 1425 என்று கணக்கு. அறுநூறு வருஷமாக அந்த அம்மாள் பேரை ஊர் மறக்கவில்லை. காரணம், அவர் கொடுத்ததை யாரோ கணக்கில் எழுதி வைத்தார்கள்.

இன்று காலம் மாறிவிட்டது. கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ மூலம் லட்சக்கணக்கான பெண்கள் பெயர்ப்பலகை வைத்துத் தொழில் செய்கிறார்கள். கல்பாத்தியிலேயே அப்பளமும் கொண்டாட்டமும் வாசல் பக்கமாகவே விற்பனையாகின்றன. நம் அங்கத்தினர்களின் அகங்களிலும் பட்சணம் செய்தோ, டியூஷன் எடுத்தோ, துணி தைத்தோ பண்டிகைச் செலவைச் சமாளிக்கும் பெண்மணிகள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஆம் தேதியை அடிப்படையாக அறிவித்திருக்கிறார்கள். கணக்கெடுப்பவர் வாசலுக்கு வந்து என்ன வேலை என்று கேட்டால், செய்வதைச் செய்வதாகச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையோ அகத்துக்காரரோ "அதெல்லாம் வேண்டாம்" என்று சொன்னால், 1971இல் கல்பாத்தியில் ஒருவன் காலியாக விட்ட கட்டத்தை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

அப்பாவின் 1974ஆம் வருஷப் புத்தகத்தில் வரவுப் பக்கத்துக் கடைசியில் இடம் இருந்தது. "அப்பளம் வகையில் வரவு ரூ. 120" என்று எழுதி வைத்தேன். இப்போது கணக்கு சரியாக இருக்கிறது.